நூறு கண்ணாடி, ஒரு பிணம்!

"இருட்டு... கும்மிருட்டு! திரைக்குப் பின்னால யாரோ மூச்சு விடற சத்தம்...!"

சரித்திரம் குரலைத் தாழ்த்தினார்.

எதிரே நின்ற கூட்டமும் மூச்சை அடக்கிக்கொண்டது.

அரண்மனையின் கண்ணாடி மண்டபம். ஜன்னல் திரைகளை இழுத்து மூடியிருந்ததால் பட்டப்பகலிலும் உள்ளே மங்கல். விளக்கு ஸ்விட்ச், சரித்திரத்தின் கைக்கு எட்டும் தூணில். கதை உச்சத்துக்கு வரும்போதுதான் அதைத் தட்டுவார்.

தொழில் ரகசியம்!

'சரித்திரம்' என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. கைடு வேலைக்கு வந்த பிறகு ஊர் வைத்த பெயர். பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காத ஆள். ஆனால் ராஜா கதையை அவர் சொன்னால், செத்துப்போன ராஜாவே எழுந்து வந்து, 'அப்படியா நடந்துச்சு?' என்று கேட்பார்.

காலையிலிருந்து இந்தக் கூட்டம் மசியவில்லை. கோட்டை வாசலைக் காட்டினார், கொட்டாவி விட்டார்கள். பீரங்கியைக் காட்டினார், ஏறி உட்கார்ந்து போட்டோ எடுத்தார்கள். ராணி குளித்த குளத்தைக் காட்டினார், "டாய்லெட் எங்கே?" என்று கேட்டார்கள்.

இப்போதுதான் வழிக்கு வந்திருக்கிறார்கள்.

கைடு என்பவன் பின்பக்கமாகவே நடக்கிறவன். மூஞ்சி கூட்டத்தைப் பார்க்கும். முதுகு சரித்திரத்தைப் பார்க்கும். அப்படியே பின்னால் நடந்து ராஜா நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றார் சரித்திரம்.

"இந்த நாற்காலிலதான் தம்பி ராஜா உட்கார்ந்து தனியா சதுரங்கம் ஆடிட்டிருக்கான். அண்ணன் ராஜா பூனை மாதிரி பின்னால வர்றான். திரைச்சீலையோட பட்டுக் கயிறை உருவறான். கழுத்துல ஒரே சுத்து... ஒரே இறுக்கு..!"

"ஐயோ..." புதிதாகக் கல்யாணமான பெண் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடிஞ்சதும் வந்து விளக்கைப் போட்டுப் பார்த்தா...!"

டக்!

ஸ்விட்சைத் தட்டினார்.

"வீ...ல்!"

கூட்டம் மொத்தமும் அலறியது. ஒரு பெரியவர் கையிலிருந்த குடையைக் கீழே போட்டார். புதுப்பெண் மயங்கிச் சாய்ந்தாள்.

சரித்திரத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இத்தனை வருஷத் தொழிலில் இப்படி ஒரு மரியாதை கிடைத்ததே இல்லை!

"பயப்படாதீங்க... பயப்படாதீங்க! இதெல்லாம் நடந்து பல தலைமுறை ஆச்சு!"

சிரித்துக்கொண்டே பின்பக்கமாகக் கையை நீட்டி நாற்காலியின் கைப்பிடியைத் தட்டினார்.

கைப்பிடி சில்லென்று இருந்தது.

அதில் விரல்கள் இருந்தன!

திரும்பினார்.

நாற்காலியில் ஒரு பிணம். சுற்றிலும் நூறு கண்ணாடி. நூறு கண்ணாடியிலும் நூறு பிணங்கள் விழி பிதுங்கி அவரையே பார்த்தன.

கழுத்தில் பட்டுக் கயிறு.

திறந்த வாய்க்குள் கறுப்பாக எதுவோ துருத்திக்கொண்டு நின்றது. சதுரங்கப் பலகையின் ராஜா காய்!

செத்துக் கிடந்தவன் குட்டி ராஜா. அந்த அரச வம்சத்தின் கடைசி வாரிசு. அரண்மனையின் பின்கட்டில் இரண்டு அறையில் குடியிருந்தவன்.

'ஐயோ, நேத்துதானே இவனோட சண்டை போட்டேன்!'

அதுதான் சரித்திரத்துக்கு முதலில் தோன்றியது. இரண்டாவதாகத் தோன்றியது, ஓடலாமா என்று.



* * *

போலீஸ் சீக்கிரம் வந்தது.

தேவைப்படும்போது வராத போலீஸ் சீக்கிரம் வந்தால் சந்தேகப்பட வேண்டும். யார் சந்தேகப்படுகிறார்கள்?

வந்த இன்ஸ்பெக்டர் ஆள் வாட்டசாட்டம். மழமழவென்று சவரம் செய்த முகம். கண்ணாடி மண்டபத்தில் அவன் நுழைந்ததும் நூறு இன்ஸ்பெக்டர் நுழைந்த மாதிரி இருந்தது.

"யார் முதல்ல பார்த்தது?"

"நாங்க எல்லாருமே சார்!" குடைப் பெரியவர் முன்னால் வந்தார். "ஆனா அந்தாளு எங்களுக்கு முன்னாடியே பார்த்துட்டாரு!"

"எப்படிச் சொல்றீங்க?"

"முதுகைக் காட்டிட்டு நின்னுக்கிட்டே சொன்னாரு சார்! நாற்காலி, பட்டுக் கயிறு, கழுத்துல சுத்தறது... ஒண்ணு விடாம! அப்புறம்தான் விளக்கைப் போட்டாரு!"

"ஐயா... அது கதைங்க!" சரித்திரம் அலறினார்.

"கதையா? அப்போ இது என்ன, படமா?" இன்ஸ்பெக்டர் பிணத்தைக் காட்டினான்.

அரண்மனை மியூசியத்தைப் பார்த்துக்கொள்கிற க்யூரேட்டர் அம்மாள் மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு வந்தாள். பெரிய படிப்பு படித்தவள். சரித்திரத்தைக் கண்டாலே ஆகாது.

"மேடம், நேத்து ஏதோ சண்டையாமே?"

"ஆமா சார். இந்த மனுஷன், 'அண்ணன் ராஜா தம்பியைக் கொன்னான்'னு கூட்டத்துக்குச் சொல்லிட்டிருந்தான். குட்டி ராஜா கேட்டுட்டாரு. 'என் கொள்ளுத்தாத்தாவைக் கொலைகாரன்னு சொல்றியா? நாளையிலேந்து நீ உள்ளே காலெடுத்து வைக்கக் கூடாது'ன்னு கத்தி, கழுத்துல கிடந்த பேட்ஜைப் பிடுங்கிட்டாரு. இன்னிக்குப் பேட்ஜ் இல்லாமலே உள்ளே வந்திருக்கான்."

"இவன் என்ன சொன்னான்?"

க்யூரேட்டர் தயங்கினாள்.

"சும்மா சொல்லுங்க மேடம்."

"'உன் பரம்பரையே என் வாயிலதான்யா உயிரோட இருக்கு. நான் வாயை மூடினா நீ செத்தே!'ன்னான்."

இன்ஸ்பெக்டர் மெதுவாகத் திரும்பிச் சரித்திரத்தைப் பார்த்தான்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையாவது மழைக்குத்தான் கத்துகிறது. இந்த மனுஷன் எதற்குக் கத்தினாரோ!

பிணத்தின் சட்டைப் பையைத் துழாவினார்கள்.

பேட்ஜ் வந்தது. அதில் சரித்திரம் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

* * *

விசாரணைக்கு டிக்கெட் கொடுக்கிற அறை.

இரும்பு மேஜை. கிழித்துப்போட்ட டிக்கெட் துண்டுகள். கடகடவென்று அரைவட்டம் சுற்றி, பாதியில் நின்று, மறுபடி கிளம்புகிற ஒரு டேபிள் ஃபேன். பின்பக்கம் ஒரு கதவு. அதைத் திறந்தால் கோட்டை அகழி.

சரித்திரத்தின் பழைய பட்டன் போனைப் பிடுங்கி மேஜை மேல் வைத்திருந்தார்கள்.

"சுருக்கமா சொல்லு. எப்படிக் கொன்னே?"

"சாமி சத்தியமா நான் கொல்லலீங்க!"

"உன் கதையில வர்ற மாதிரியே பண்ணியிருக்கே."

"அந்தக் கதையே பொய்ங்க சார்! நானாக் கட்டினது! தம்பி ராஜா காய்ச்சல்ல செத்தாருன்னு வெளியே போர்டுலயே எழுதியிருக்காம். காய்ச்சல்னு சொன்னா எவன் சார் கேப்பான்? அதான் கயிறு!"

"பொய்னு வேற யாருக்குத் தெரியும்?"

"க்யூரேட்டர் அம்மாவைக் கேளுங்க! தினமும் திட்டுவாங்க!"

"கேட்டேன். எந்தப் புத்தகத்துலயும் இல்லைன்னாங்க." இன்ஸ்பெக்டர் முன்னால் குனிந்தான். "புத்தகத்துல இல்லை. கல்வெட்டுல இல்லை. உன் மண்டைக்குள்ள மட்டும்தான் இருக்கு. உன் மண்டைக்குள்ள இருந்தது வெளியே வந்து நாற்காலில உட்கார்ந்திருக்கு. அப்போ பண்ணது யாரு?"



கதை நிஜம் என்றால் கொலைகாரன். கதை பொய் என்றாலும் கொலைகாரன்! மத்தளத்துக்கு இரண்டு பக்கம் இடி. இவருக்கு மேலேயும் கீழேயும் சேர்த்து.

போன் அலறியது.

"யாரு?"

"வீட்டுக்காரிங்க..."

"பேசு. கடைசியாப் பேசிக்கோ."

அந்தப் போனில் காதில் வைத்துக் கேட்கிற பாகம் கெட்டுப்போய் ரொம்ப நாளாகிறது. எடுத்தால் ஸ்பீக்கரில்தான் கத்தும். ஊருக்கே கேட்கும்.

"என்னங்க! டிவில உங்க அரண்மனையைக் காட்டறாங்க! உங்களைப் பிடிச்சு வெச்சிருக்காங்களாமே!"

"ஆமாடி..."

"நீங்க கொலை பண்ணீங்களாமே?"

"இல்லடி..."

"அதானே! ஒரு கரப்பான்பூச்சியை அடிக்க என்னைக் கூப்பிடற ஆளு, ராஜாவை அடிச்சிருவீங்களாக்கும்!"

கதவோரம் நின்ற கான்ஸ்டபிள் சிரிப்பை மீசைக்குள் ஒளித்தான்.

"இத பாருங்க," அவள் குரல் இறங்கியது. "கட்டின நாள்லேந்து உங்க வாயிலேந்து ஒரு நிஜம் வந்து நான் பார்த்ததில்லை. ஆனா இதை நம்பறேன். பயப்படாம இருங்க. வீட்டுக்கு வந்துருங்க."

"வ... வந்துடறேன்."

இதுவும் பொய்தான் என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது.

இன்ஸ்பெக்டர் போனை வாங்கி, பேச்சைத் துண்டித்து மேஜை மேல் வைத்தான்.

"சென்டிமென்ட் முடிஞ்சுதா? கேளு பெருசு. பட்டுக் கயிறு, உன் கதை. ராஜா நாற்காலி, உன் கதை. வாயில செருகின ராஜா காய், உன் கதை. மூணும் பொருந்துது. தூக்குதான்!"

சரித்திரம் தலையை நிமிர்த்தினார்.

"சார்... காய் என் கதையில கிடையாதுங்களே."

ஃபேன் அரைவட்டத்தில் நின்றது.

"என்ன?"

"கயிறு உண்டுங்க. நாற்காலி உண்டுங்க. வாயில காயைச் செருகறது கிடையாதுங்க. அந்தக் குடைக்காரரைக் கேளுங்க. காலைல காயைப் பத்தி நான் மூச்சே விடலை."

இன்ஸ்பெக்டரின் கண் ஒரு நொடி ஆடியது. ஒரே நொடி.

"சொல்லியிருப்பே. தினமும் சொல்ற கதைதானே?"

"தினமும் ஒரே கதையை எந்த மடையன் சார் சொல்லுவான்?" பழக்கதோஷம். பயத்திலும் தொழில் கர்வம் எட்டிப் பார்த்தது. "பள்ளிக்கூடப் பசங்க வந்தா பூக்கூடைக்குள்ள பாம்பு. புதுசா கல்யாணமானவங்க மட்டும் வந்தா காதல், தங்கக் கிண்ணத்துல விஷம். குடும்பம் குட்டியோட கலந்து வந்தாத்தான் கயிறு. ஆளைப் பார்த்துதான் சார் சரித்திரம்!"



இன்ஸ்பெக்டர் பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்து மழமழ முகத்தைத் துடைத்தான். வேர்த்திருந்தது.

"யோவ் கான்ஸ்டபிள்... போய் எனக்கு டீ வாங்கிட்டு வா."

"இவருக்கும் ஒண்ணு வாங்கவா சார்?"

"போய்யான்னா..!"

கான்ஸ்டபிள் போனான். இன்ஸ்பெக்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினான்.

"காயைச் செருகற கதையை எப்பவுமே சொன்னதில்லையா? ஒரு தடவைகூட?"

சரித்திரம் நெற்றியைத் தேய்த்தார்.

கைடு தொழிலில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. வருகிறவன் எதைக் கேட்டாலும், 'தெரியாது' என்ற வார்த்தை வாயில் வரக் கூடாது. சொன்னால் அன்றோடு மரியாதை போச்சு. இந்த ஜன்னல் ஏன் கோணல்? ராணி இடது கைக்காரி. அந்தச் சுவரில் ஏன் கறை? எதிரியின் ரத்தம். நிஜத்தில் அது மழை ஒழுகின கறை.

காய்... ராஜா காய்...

ஞாபகம் வந்தது!

"ஒரே ஒரு தடவை சொன்னேன் சார்! அன்னிக்கு அந்த ராஜா காய் பலகையில இல்லை. தலை உடைஞ்சு போச்சுன்னு ஒட்டறதுக்குக் குடுத்திருந்தாங்க. ஒரு அம்மா, 'ஏங்க, ஒரு காய் காணோமே?'ன்னு கேட்டாங்க. ஒட்டக் குடுத்திருக்குன்னு சொன்னா அரண்மனைக்கு அசிங்கமில்லையா? 'அந்தக் காயைத்தான் அம்மா, செத்த தம்பி வாயில அண்ணன் செருகிட்டான். மேல போயும் அவன் பேசக் கூடாதாம்! அதோடயே புதைச்சுட்டாங்க'ன்னு எடுத்து விட்டேன். மறுநாளே காய் ஒட்டி வந்துடுச்சு. அப்புறம் எப்படி அந்தக் கதையைச் சொல்றது? புதைச்ச காய் பலகையில நிக்குதே!"

"அந்த அம்மா யாரு?"

"யாரோங்க. வாய் ஓயாத அம்மா. கூட அவங்க வீட்டுக்காரர் மட்டும்தான் வந்திருந்தாரு. தொப்பி, கறுப்புக் கண்ணாடி, அரை டிராயர். மனுஷனுக்குச் சரித்திரமே பிடிக்கலை. நான் வாயைத் திறந்தாப் போதும், 'சுருக்கமா சொல்லுய்யா...'"

நாக்கு அப்படியே நின்றது.

'சுருக்கமா சொல்லு.'

அதே குரல். அதே அலுப்பு.

சரித்திரம் எதிரே நின்றவனைப் பார்த்தார். மனதுக்குள் அவன் தலையில் ஒரு தொப்பியை வைத்தார். கறுப்புக் கண்ணாடியை மாட்டினார். காக்கி பேன்ட்டை முழங்காலுக்கு மேல் கத்தரித்தார்.



ஊரில் இத்தனை பேர் இருக்க, அந்தக் கதையைக் கேட்ட ஆண்பிள்ளை ஒரே ஒருத்தன். அவனோ, அரண்மனைக்கு வருகிறவனுக்கெல்லாம் ஒரே கதைதான் சொல்வார்கள் என்று நம்பிவிட்டான். அதே மாதிரி ஜோடித்துப் பழியைக் கைடு தலையில் கட்டிவிட்டான். பாவம், போலீஸ்காரனே நம்பிக் கெட்டது இந்த ஒரு இடத்தில்தான்!

"என்ன பெருசு... அரை டிராயர் ஆளு யாருன்னு ஞாபகம் வந்துச்சா?"

குரல் ரொம்ப மெதுவாக வந்தது. கை இடுப்புத் துப்பாக்கியின் உறை மேல் இருந்தது.

யாரிடம் சொல்வது? போலீஸைப் பற்றிப் போலீஸிடமா? கூப்பிட்டால் யார் வருவார்கள்? வந்தாலும் யார் நம்புவார்கள்? வாயைத் திறந்தாலே புளுகு என்று ஊரே சிரிக்கிற ஆளாயிற்றே!

சரித்திரம் வாழ்க்கையிலேயே முதல் முறையாக அந்த வார்த்தையைச் சொன்னார்.

"தெ... தெரியாதுங்க."

இன்ஸ்பெக்டர் சிரித்தான்.

"உன் வாய்க்குப் பொய் நல்லா வரும்னாங்க. இப்போ மட்டும் ஏன்யா வரலை?"

பின்கதவின் தாழ்ப்பாளை நீக்கினான். அகழிப் பக்கத்து வெளிச்சம் உள்ளே விழுந்தது.

"உன்னைப் பார்த்தா பாவமா இருக்கு. ஓடிடு."

"சார்...?"

"ஓடுய்யா. நான் பார்க்கலை."

பார்க்கவில்லையாம்! இவர் ஓடுவார். முதுகில் குண்டு பாயும். 'தப்பி ஓடின கொலைகாரன் காலி' என்று நாளைக்குப் பேப்பரில் வரும். ஓடாமல் உட்கார்ந்திருந்தால்? தூக்கு. குண்டு சீக்கிரம் முடியும், தூக்கு நிதானமாக முடியும். அவ்வளவுதான் வித்தியாசம். பொறியில் மாட்டின எலிக்காவது ஒரு துண்டு தேங்காய் வைப்பார்கள்.

"எ... என் வீட்டுக்காரி வரச் சொல்லியிருக்கா சார்."

"அதான் போகச் சொல்றேன். எழுந்திரு!"

சட்டையைப் பிடித்துத் தூக்கினான். கதவை நோக்கித் தள்ளினான். சரித்திரம் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். சின்னப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்று தூணைக் கட்டிக்கொள்கிற மாதிரி!

அப்போது...

போன் அலறியது!

பெயர் இல்லை. வெறும் நம்பர்.

இன்ஸ்பெக்டர் திரையைப் பார்த்தான்.

முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. அந்த நம்பரை அவனுக்குத் தெரியும். நன்றாகவே தெரியும்!

"எடுக்காதே!"

சரித்திரம் எடுக்க நினைக்கவில்லை. ஆனால் கைடு ஒருத்தன் புது நம்பரை விட்டுவிடுவானா? வந்து போகிற ஒவ்வொருத்தரிடமும், 'சொந்தக்காரங்க வந்தா எனக்கே போன் பண்ணுங்க' என்று நம்பரைத் தலையில் கட்டி அனுப்புகிற ஜாதி. மணி அடித்தால் கட்டைவிரல் தானாகப் போய்விடும்.

போனது.

"கைடு ஐயாவா? எடுத்துட்டீங்களா, அப்பாடா!"

அறை முழுக்க ஒரு பெண் குரல் கணீரென்று ஒலித்தது.

"என்னை ஞாபகமிருக்கா? 'ஒரு காய் காணோமே'ன்னு கேட்டேனே, நான்தான்! டிவில சொல்றாங்க, வாயில ராஜா காயாம்! ஐயோ, நீங்க எங்களுக்குச் சொன்ன அதே கதை! அந்த அம்மா, அதான் அந்தக் க்யூரேட்டரு, 'இப்படி ஒரு சம்பவம் சரித்திரத்துலயே இல்லை'ங்கறாங்க. இல்லாம என்ன, நான் என் காதால கேட்டேனேன்னு எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை!"

"நிறுத்துடி..!"

இன்ஸ்பெக்டர் போனைப் பிடுங்கப் பாய்ந்தான். சரித்திரம் பயத்தில் அதை மார்போடு அணைத்துக்கொண்டு மேஜைக்கு அடியில் புகுந்துவிட்டார். குரல் மேஜைக்கு அடியிலிருந்து வந்தது.

"யாரோ கத்தறாங்களே... எங்க வீட்டுக்காரர் குரல் மாதிரியே இருக்கு! அவரும்தான் அன்னிக்குப் பக்கத்துல நின்னு கேட்டாரு. அரை டிராயர் போட்டுக்கிட்டு, 'சுருக்கமா சொல்லு'ன்னு உங்களைப் பாடாப் படுத்தினாரே! அவரு போலீஸ்தான். அவருகிட்டயே சொல்லலாம்னா காலைலேந்து போனை எடுக்க மாட்டேங்கறாரு!"

"எந்த ஸ்டேஷன்மா உங்க வீட்டுக்காரர்?"

கேட்டது சரித்திரம் இல்லை.

முன்கதவு திறந்திருந்தது. வாசலில் ஒரு பெரிய அதிகாரி அம்மாள். தோளில் இன்ஸ்பெக்டரைவிட அதிக நட்சத்திரம். பின்னால் இரண்டு கையிலும் டீயோடு கான்ஸ்டபிள்.

"அரண்மனை ஸ்டேஷன்தாங்க! இன்ஸ்பெக்டர்! நீங்க யாரு பேசறது?"

"அவரோட மேலதிகாரிம்மா. நேத்து சாயங்காலம் அவர் எங்கே இருந்தார்?"

"அரண்மனைல ட்யூட்டின்னாருங்க! தப்பாச் சொல்லக் கூடாது, வேலைனா வேலைதான். ஆனா என்மேல உசிரு. என் பிறந்தநாளுக்குப் பச்சைக்கல் மோதிரம் போட்டாருங்க. கல்லு புளியங்கொட்டை அளவு! அக்கம்பக்கத்துல ஒருத்தி பாக்கி இல்லாம வயிறெரியறா!"

"அந்த மோதிரத்தைக் கழட்டி பத்திரமா வெச்சிருங்க. ஆள் அனுப்பறேன்."

இன்ஸ்பெக்டரின் கை துப்பாக்கிக்குப் போனது.

கான்ஸ்டபிள் வேறு எதுவும் யோசிக்கவில்லை. கையில் என்ன இருந்ததோ அதை வீசினான். சுடச்சுட இரண்டு டீயும் மழமழ முகத்தில்!

"ஆ...!"

துப்பாக்கி தரையில் உருண்டது. வெளியே நின்ற போலீஸ்காரர்கள் உள்ளே பாய்ந்தார்கள்.

* * *

"போன வருஷம் அரண்மனைல திருட்டுப் போன குறுவாளை மீட்டுக் குடுத்தது நீதானே?" பெரிய அதிகாரி அம்மாள் கேட்டாள். விலங்கு பூட்டின இன்ஸ்பெக்டர் தரையைப் பார்த்தான்.

"பிடியில இருந்த பச்சைக்கல்லை எடுத்துட்டு வெறும் கண்ணாடியைப் பதிச்சுக் குடுத்திருக்கே. குட்டி ராஜா கண்டுபிடிச்சுட்டார். நேத்து எனக்குப் போன் பண்ணி, 'நாளைக்கு நேர்ல வந்து பேர் சொல்றேன்'னார். ஆள் வரலை. செத்தார்னு சேதிதான் வந்துது. அதான் நானே கிளம்பி வந்தேன்."

"அவன் என்னையே நேர்ல கூப்பிட்டுக் கேட்டான் மேடம்..." இன்ஸ்பெக்டர் முணுமுணுத்தான். "எனக்கு வேற வழி தெரியலை. அப்பதான் கைடோட சண்டையைப் பத்தி வாசல்ல பேசிக்கிட்டாங்க. அந்தக் கதை ஊருக்கே தெரிஞ்ச கதைன்னு நெனச்சேன்..."

"உனக்கு மட்டும் சொன்ன கதை!"

அவனை இழுத்துப் போனார்கள். போகிற வழியில் சரித்திரத்தைத் திரும்பிப் பார்த்து ஒரு முறை பல்லைக் கடித்தான். ஏமாந்தவனுக்கு எப்போதும் ஏமாற்றினவன்மேல்தான் கோபம். தன்மேல் வராது.

சரித்திரம் மேஜைக்கு அடியிலிருந்து இன்னும் வெளியே வரவில்லை.  கான்ஸ்டபிள் கை கொடுத்து இழுத்தான்.

"வாங்க ஐயா. எல்லாம் முடிஞ்சுது."

"நான்... நான் வீட்டுக்குப் போலாமுங்களா? வீட்டுக்காரி வரச் சொன்னா..."

"போங்க," என்றாள் பெரிய அதிகாரி அம்மாள். "ஆனா கோர்ட்ல நீங்கதான் முக்கிய சாட்சி. கூண்டுல ஏறி நடந்த உண்மையை மட்டும் சொல்லணும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. புரியுதா?"

சரித்திரத்தின் முகம், பிணத்தைத் தொட்டபோதுகூட இல்லாத மாதிரி வெளுத்தது. தலையைச் சொறிந்தார்.

"பாம்புக் கதை கேளுங்க, சொல்றேன். விஷக் கதை கேளுங்க, சொல்றேன். உண்மையா..? அந்தச் சரக்கை மட்டும் இதுவரைக்கும் நான் கையால தொட்டதில்லீங்களே அம்மா!"